கடல் பக்கம் நின்றவன்

குரே, 1966 ஜனவரி 12

அன்புள்ள தோகியே அக்காவுக்கு,

ஆண்டு பிறந்து பன்னிரண்டு நாள் கழித்து வாழ்த்துச் சொல்கிற தம்பியைத் திட்டிக்கொண்டேதான் இதைப் பிரிப்பாய். இங்கே கடற்காற்று காதை அறுக்கிறது. ஹமதாவில் முழங்கால் வரை பனி என்று அத்தான் சொன்னார். உன் முதுகுவலி எப்படி? குட்டி சயோகோவுக்குச் சளி விட்டதா? நீ கொடுத்தனுப்பிய கருவாட்டை விடுதியில் சுட்ட அன்று, மூன்று மாடிக்காரர்களும் எங்கள் அறைக்கு வழி கேட்டு வந்துவிட்டார்கள்.

நீ கேட்டபடி நம் சின்னவன் கோஹெயை எங்கள் குழுவிலேயே சேர்த்துவிட்டேன். "இருபத்தேழு வயதாகி, அகேமியோடு கல்யாணமும் ஆகி, இன்னும் விளையாட்டுப் பிள்ளை. உன் கண் முன்னாலேயே வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தாய். இனி அவன் எங்கும் போக முடியாது. என் கிரேனுக்கு நேர் கீழே நிற்கிறான். கப்பல் யார்டின் மலைப்பக்கத்தில் அத்தான் இரும்புத் தகட்டைக் கம்பிவடத்தில் கட்டிவிட்டு, அதன் பின்னாலேயே நடந்து வருவார். கடல் பக்கத்தில் கோஹெய் அதை வாங்கி இறக்குவான். நடுவில் நான், மேலே கூண்டில்.

மேஸ்திரி ஒகாதாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவன் சொந்தக்காரனைத் தன் கொக்கிக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று இங்கே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "ஏன்டா மசாரு, உன் வீட்டையே தூக்கிட்டு வந்து கொக்கிக்குக் கீழ வெச்சுட்டியா?" என்றார். "எங்க ஆளுங்கன்னா இன்னும் ஜாக்கிரதையா ஓட்டுவேன் மேஸ்திரி" என்றேன். அத்தான் விடவில்லை. "இவன் ஜாக்கிரதையா ஓட்டுறானோ இல்லையோ, சாயங்காலம் எங்க அக்காவுக்கு எழுதிடுவேன்னு மேலேர்ந்தே மிரட்டுறான் மேஸ்திரி" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கோஹெய்க்கு என் வேலையைப் பார்த்து ஒரே ஆச்சரியம். கிரேன் நின்றாலும் தகடு நிற்காது, அது பாட்டுக்கு முன்னால் போகும். போய்த் திரும்புவதற்கு முன் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். அந்த நொடியில் கிரேனையும் அது போன பக்கமே ஓட்டி, அதன் தலைக்கு மேல் நிறுத்திவிட வேண்டும். ஆட்டம் அப்படியே அடங்கிவிடும். புதிதாக ஏறுகிறவன் பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுப்பான், ஆட்டம் இரண்டு பங்காகும். கீழே நிற்கிற ஆளை நோக்கியே ஓட்டுவதற்கு நெஞ்சு பழக வேண்டும், அவ்வளவுதான் தொழில். அறிவியல் டீச்சருக்குத் தெரியாததா!

உடம்பைப் பார்த்துக்கொள்.
மசாரு


ஹமதா, 1966 ஜனவரி 25

தம்பி மசாருவுக்கு,

வாழ்த்து தாமதமாக வந்தாலும் கெட்டுப்போகவில்லை. கூரைப் பனியைத் தள்ளித் தள்ளி முதுகு இன்னும் மோசம். சயோகோவுக்குச் சளி விட்டது, வாய்தான் விடவில்லை.

கோஹெயை எடுத்துக்கொண்டதற்கு என்ன சொல்லுவேன்! பதினோரு வயதில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா போனபின் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதைவிட அம்மா என்று கூப்பிட்டதுதான் அதிகம். இனி நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அத்தானைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ரயில் வர அரைமணி இருக்கும்போதே மேடைக் கோட்டுக்கு மூன்றடி பின்னால் போய் நிற்கிற மனுஷர். "பக்கத்துல வாங்க, ஜனங்க சிரிக்கிறாங்க" என்றால், "சிரிக்கட்டும், ரயிலுக்குக் கண்ணு கிடையாது" என்பார். மார்ச்சில் வரும்போது மூவரும் சேர்ந்து வாருங்கள்.

அக்கா


ஹமதா, 1966 ஏப்ரல் 8

மசாருவுக்கு,

இங்கே செர்ரி பூத்துவிட்டது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அத்தானின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கோஹெயும் அகேமியும் வந்திருந்தார்கள். நீ வரவில்லை. வேலை என்று கோஹெய் சொன்னான். எரியூட்டிய அன்றும் நீ வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாய். உன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

பிப்ரவரி பதினான்காம் தேதி தகடு அடித்து அவர் இறந்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். போன வாரம் யார்டிலிருந்து விபத்து அறிக்கை வந்தது. தகட்டுக்குப் பின்னால் நடப்பவர் ஏழு மீட்டர் விலகி நடக்க வேண்டுமாம். அவர் அந்த இடைவெளிக்குள் வந்ததுதான் காரணமாம். "இறந்தவரின் கவனக்குறைவு" என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ரயில் மேடையில் மூன்றடி பின்னால் நிற்கிறவரா ஆடுகிற தகட்டுக்குள் போய் நிற்பார்?

சயோகோவிடம் வகுப்பில் ஒரு பெண், "உங்கப்பா எங்கேயோ பராக்குப் பார்த்துட்டு நின்னாராமே" என்று கேட்டிருக்கிறாள். அவள் வந்து என்னிடம், "அம்மா, அப்பா என்னதான் பார்த்துட்டிருந்தாரு?" என்கிறாள். நான் என்ன சொல்ல?

தொழிலாளர் அலுவலகம் இலையுதிர் காலத்தில்தான் விசாரணையை முடிக்கும். மேலே இருந்து பார்த்தவன் நீ ஒருவன்தான். என்ன நடந்தது என்று எனக்கு எழுது. அவர் அப்படிப் போயிருந்தால் போயிருக்கிறார் என்று ஏற்றுக்கொள்கிறேன். இல்லையென்றால், அவர் பெயருக்கு மேல் அந்த வார்த்தை இருக்கக் கூடாது.

அக்கா


குரே, 1966 ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

அன்று கடலிலிருந்து பலத்த காற்று. தகடு ஆடியது. எப்போதும் போல அதைப் பின்தொடர்ந்து அடக்கினேன். மறுபடி ஒரு காற்று வீசியது. மற்றதெல்லாம் அறிக்கையில் இருப்பதுதான்.

அதைப் படித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சயோகோவைப் பார்த்துக்கொள்.

மசாரு


ஹமதா, 1966 மே 22

மசாருவுக்கு,

நாற்று நடவு தொடங்கிவிட்டது. எல்லோரும் சௌக்கியம்.

உன் கடிதம் எட்டு வரி. சின்ன வயதிலிருந்தே நீ பொய் சொன்னால் சுருக்கமாகத்தான் சொல்லுவாய்.

அறிக்கையோடு ஒரு வரைபடம் இருக்கிறது. முதலில் நான் அதைப் பார்க்கவே இல்லை. தகடு இறங்க வேண்டிய இடம் ஒரு கட்டம். அவர் விழுந்த இடம் ஒரு பெருக்கல் குறி. விபத்துக்குப் பிறகு கிரேன் நின்றிருந்த இடம் ஒரு கோடு. அந்தக் கோடு கட்டத்துக்கு மலைப்பக்கம் மூன்று மீட்டரில் இருக்கிறது. தகடு கடல் பக்கம் போனபோது நீ பின்தொடர்ந்திருந்தால், கிரேன் கடல் பக்கம் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

பள்ளி விட்டபின் ஆய்வறையில், தராசின் எடைக்கல் ஒன்றை நூலில் கட்டிக் கையில் பிடித்து ஆட்டினேன். கல் ஒரு பக்கம் போய் நிற்கிற நொடியில் கையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனால், நீ ஜனவரியில் எழுதியபடியே அடங்கிவிட்டது. பிறகு அதே நொடியில் கையை எதிர்ப்பக்கம் இழுத்தேன். கல் திரும்பி வந்த வேகத்தில், தொடவே தொடாது என்று நான் தள்ளி வைத்திருந்த கண்ணாடிக் குவளை உடைந்துவிட்டது. காவல்காரர் ஓடிவந்து, "டீச்சர், கையைக் கிழிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். ஏன் அழுகிறேன் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை.

அவர் விலகித்தான் நின்றார், மசாரு. ஏழு மீட்டரில்தான் நின்றார். தகடுதான் வரக்கூடாத தூரத்துக்கு வந்தது.

நீ பதினோரு வருடம் கிரேன் ஓட்டியவன். புதிதாக ஏறியவன் செய்கிற தப்பை அன்று ஏன் செய்தாய்? கடல் பக்கம் நின்றது யார்?

அக்கா


குரே, 1966 ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு, உன் கோஹெய்.

மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை, அகேமி என்னைத்தான் திட்டுகிறாள். ஆனால் நல்ல சேதி: அவளுக்கு நாலாம் மாதம்! மசக்கையில் எதுவும் இறங்கவில்லை, உன் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. உன் முதுகு எப்படி இருக்கிறது?

மசாரு அண்ணனைப் பற்றித்தான் கவலை. யாரோடும் பேசுவதில்லை. நீ எழுதியதற்கும் பதில் போடவில்லை போலிருக்கிறது, உன் உறை அவன் அலமாரியில் அப்படியே நிற்கிறது. கிரேனில் ஏறுகிறான், இறங்குகிறான். என்னை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் அவனே போய்க் கேட்டிருக்கிறான். நான் என்ன தப்புச் செய்தேன்?

அன்று நடந்ததை நீ கேட்டிருந்தாயே. நான் கடல் பக்கம் வழக்கமான இடத்தில்தான் நின்றேன். தகடு வந்தது. ஓரத்தைக் கையால் பிடித்து நிறுத்திக் காட்டலாம் என்று விளையாட்டாய் இரண்டடி முன்னால் போனேன். ஒரு கை தூரத்தில் வந்து நின்று, திரும்பிப் போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது, ஓடினேன். காற்றா? காற்று அப்படி ஒன்றும் இருந்ததாக நினைவில்லை அக்கா.

கோஹெய்


ஹமதா, 1966 ஜூலை 11

மசாருவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோஹெய் எழுதியிருந்தான். இனி நீ காற்றைப் பற்றி எழுத வேண்டாம்.

அக்கா


குரே, 1966 ஆகஸ்ட் 4

அக்கா,

வெயில் கொளுத்துகிறது. கூண்டுக்குள் இரும்பைத் தொட முடியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது போட்டுவிடுகிறேன்.

தகடு கடல் பக்கம் போனது. கிரேனை அந்தப் பக்கம் விட வேண்டும். கை அதற்குத்தான் தயாராக இருந்தது. அப்போது கோஹெய் முன்னால் வந்தான். தகட்டு ஓரத்துக்குப் பின்னால் அவன் முகம் மறைந்துவிட்டது. அவன்மேல் ஓட்ட என் கை மறுத்துவிட்டது, அக்கா. ஓட்டியிருந்தால் தகடு அங்கேயே தொங்கி அடங்கியிருக்கும், அவனுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். வேறு எவன் அங்கே நின்றிருந்தாலும் ஓட்டியிருப்பேன். நம் கோஹெய் என்றதும் லீவரை மலைப்பக்கம் இழுத்துவிட்டேன்.

அவன் முகம் மறுபடி தெரிந்தது. அப்பாடா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டே சொன்னேன். அதற்குப் பிறகுதான் தகடு போகிற பக்கம் பார்த்தேன். அத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார், சரியாக ஏழு மீட்டரில். தகடு அவ்வளவு தூரம் வரும் என்று அவர் எப்படி நினைப்பார்? என் வேலையை நம்பி நடந்தவர் அவர்.

அறிக்கையை எழுதிக்கொண்டு வந்து, "நீ சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஏன் இழுத்தாய் என்று கேட்பார்கள். கோஹெய் முன்னால் வந்ததைச் சொல்ல வேண்டிவரும். அத்தான் தன்னால்தான் செத்தார் என்று தெரிந்தால் அவன் தாங்குவானா? இப்போது அகேமி வேறு இப்படி இருக்கிறாள். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். செத்தவர்மேல் பழி போகட்டும் என்று விட்டேன். இதைவிட மோசமாக ஒருவன் இன்னொருவனுக்கு என்ன செய்ய முடியும்?

என்ன செய்யட்டும், சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

மசாரு


ஹமதா, 1966 ஆகஸ்ட் 16

மசாருவுக்கு,

ஓபொன் விளக்குகளை நேற்று ஆற்றில் விட்டோம். வீட்டுக்கு வந்த ஆன்மாக்கள் திரும்பிப் போகிற நாள். அவர் வந்திருந்தால் என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று மூன்று நாளும் யோசித்தேன். சயோகோவைப் பற்றிக் கேட்டிருப்பார். கோஹெயைப் பற்றியும் கேட்டிருப்பார்.

நீ தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ. கிரேனைத் தவறான பக்கம் இழுத்தேன், அதனால்தான் ஆட்டம் பெருகியது, இறந்தவர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார் என்று சொல். ஏன் இழுத்தாய் என்று கேட்டால், கை தவறிவிட்டது என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கோஹெய் பெயர் வரவே கூடாது.

உன் வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எடுத்த பேனா இரண்டு முறை நின்றுவிட்டது. அதனால் எழுதவில்லை.

அக்கா


குரே, 1966 அக்டோபர் 20

அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. போர்த்திக்கொள்.

அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். "பதினோரு வருஷ அனுபவம், எப்படிங்க கை தவறும்?" என்று அதிகாரி கேட்டார். தவறிவிட்டது என்றேன். மேஸ்திரி ஒகாதா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அவருக்கா தெரியாது? வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திருத்திய அறிக்கை உனக்கு வரும். ஓட்டுநர் தவறு என்று இருக்கும். அத்தான் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

என் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கிடங்கில் கயிறு எண்ணுகிறேன். கோஹெய்க்கு விஷயம் தெரிந்து விடுதி வாசலுக்கே வந்தான். "உன் தப்பை அத்தான் தலையில போட்டுட்டு எட்டு மாசம் எப்படிடா சோறு இறங்குச்சு உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சட்டையைப் பிடித்தான். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அடிக்காமல் அழுதுகொண்டே போய்விட்டான். "எனக்கு அண்ணன் இல்ல" என்று படியிலிருந்து கத்தினான்.

அவன் கேட்டது நியாயம்தான். நன்றாக இருக்கிறான், அது போதும்.

மசாரு


ஹமதா, 1967 ஜனவரி 30

தம்பி மசாருவுக்கு,

பனி இந்த ஆண்டு குறைவு. நீ இருமுகிறாய் என்று அகேமி எழுதியிருந்தாள். கிடங்கில் கரி அடுப்பு இருக்கிறதா? கம்பளிச் சட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், அவருடையது. உனக்குக் கை நீளமாக இருக்கும், மடித்துப் போட்டுக்கொள்.

திருத்திய அறிக்கை வந்ததும் சயோகோவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். "அப்பா சரியாத்தான் நின்னாரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது என் காதில் விழுந்தது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

போன வாரம் கோஹெய் பிள்ளையைக் காட்ட வந்தான். பையன் அப்படியே அவன் ஜாடை. பிப்ரவரி பதினான்கு அன்று ஓராண்டு நினைவுச் சடங்கு என்று சொன்னதும், "அவன் வந்தா நான் வரமாட்டேன்கா" என்றான். "அவனும் வருவான், நீயும் வருவ" என்றேன். "உன் புருஷனைக் கொன்னவனுக்கு நீயே பரிஞ்சு பேசுறியே அக்கா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றான். மடியில் அவன் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாய் அடைத்துப்போய்விடும். சொல்லவில்லை. பிள்ளை முழித்துக்கொள்ளும், மெதுவாகப் பேசு என்று மட்டும் சொன்னேன்.

அவன் போனபிறகு தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்கிருந்த கோபம் எதனால் ஆறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் கோஹெய், மேலே கூண்டில் நான். என் கை எந்தப் பக்கம் இழுத்திருக்கும்? நீ இழுத்த பக்கம்தான், மசாரு. பதினைந்து வருடம் அவரோடு வாழ்ந்தவள் நான். ஆனாலும் அந்தப் பக்கம்தான் இழுத்திருப்பேன். அப்பாடா என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

தினமும் அவர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றுகிறேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ காலை ரயிலில் வந்துவிடு. கோஹெய் உன் முகத்தைப் பார்க்கமாட்டான், அதைப் பொறுத்துக்கொள். எல்லோரும் போனபின், நீ என் பக்கத்தில் உட்கார். நீ உட்கார்ந்திருந்தால் நான் சொல்லிவிடுவேன்.

அக்கா